கனடாவில செவ்வாய், முரசுமோட்டையில புதன்

1

எங்கட குசினிச் சுவரில ரெண்டு கலண்டர் தொங்குது. ஒண்டு, வீடு வாங்கி விக்கிற தமிழ் ஆள் ஒருத்தர் தன்ர சிரிச்ச முகத்தைப் பெரிசாய்ப் போட்டு வருசா வருசம் கடை கடையாய்க் குடுக்கிறது. அதில கனடா நேரத்துக்குக் கணிச்ச திதி, நட்சத்திரம், இராகுகாலம் எல்லாம் இருக்கு. மற்றது என்ர மகள் ஆரணியின்ர. யூனிவர்சிற்றியில குடுத்தது. அதில சோதினை நாளுக்கு மட்டும் சிவப்பு மையால வட்டம் போட்டிருக்கு. நான் முதலாவதைப் பாப்பன், அவள் ரெண்டாவதைப் பாப்பாள். ஒரே சுவர்தான், ஆனா ஒருத்தியின்ர கலண்டரை மற்றவள் திரும்பியும் பாக்கிறதில்லை.

ஊரில இருந்து இதை வாசிக்கிற நீங்கள் சிரிக்கக்கூடாது. வெளிநாட்டுக்கு வந்த எங்களுக்கு நாள் கிழமையில உங்களை விடப் பயம் கூட. அங்க ஒரு திவசத்தை மறந்தாலும் அயலட்டையில ஆரும் வந்து ஞாபகப்படுத்துவினம். இஞ்ச பக்கத்து வீட்டில இருக்கிறவன் போலந்துக்காரன். அவனுக்கு எங்கட தசமியும் ஏகாதசியும் தெரியுமே?

போன பங்குனியில என்ர ஐயாவின்ர திவசம் வந்தது. ஐயா எண்டால் என்னைப் பெத்தவர், கிளிநொச்சிக்குப் பக்கத்தில முரசுமோட்டையில வயல் செய்த மனிசன். காலபோகம் வெட்டி, நெல்லு மூட்டையை வீட்டுக்குள்ள அடுக்கின கையோட படுத்தவர், பிறகு எழும்பேல்லை. அப்ப எனக்கு இஞ்ச வதிவிட உரிமை கிடைக்கேல்லை. அகதிக் கேஸ் இழுபட்டுக்கொண்டு கிடந்தது. நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்பி வரேலாது எண்டு லோயர் சொல்லிப்போட்டார். ஆரோ ஒரு பெடியன் போனில எடுத்து அனுப்பின வீடியோவிலதான் ஐயாவின்ர செத்தவீட்டைப் பாத்தனான். பந்தல் தெரியும், சனத்தின்ர கால் தெரியும், ஐயாவின்ர முகம் வாற நேரம் படம் முடிஞ்சிடும். அண்டையில இருந்து ஊரில எது நடந்தாலும் வடிவாய் வீடியோ எடுத்து அனுப்போணும் எண்டு எனக்கு ஒரு விசர். என்ர மனிசன் அதை விசர் எண்டுதான் சொல்லுறவர். சொன்னால் சொல்லட்டும்.

நான் விமான நிலையத்துக்குப் பக்கத்தில, பிளேனுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கிற வேலை செய்யிறன். கையில கொஞ்சம் மிஞ்சத் தொடங்கின காலத்தில ஐயாவின்ர பேரால ஊரில கம்பஸில படிக்கிற ஒரு பிள்ளைக்குப் புலமைப்பரிசில் குடுப்பம் எண்டு நினைச்சனான். இஞ்ச கனபேர் செய்யிறதுதான். தாயின்ர பேரால, தகப்பன்ர பேரால, இல்லாமல் போன சகோதரத்தின்ர பேரால மாதாமாதம் ஊருக்குக் காசு போகும். வருசத்தில ஒருக்கா, திவசத்தண்டு, அந்தப் பிள்ளை கோயிலுக்கு வந்து படத்துக்கு முன்னால விளக்குக் கொளுத்தி, ரெண்டு வசனம் பேசி, அன்னதானத்தில நிண்டு சோறு பரிமாறும். அதை வீடியோ எடுத்து எங்களுக்கு அனுப்புவினம். இப்பிடிச் செய்யோணும் எண்டு ஆரும் எங்கயும் எழுதி வைக்கேல்லை. ஆனா குடுக்கிறவைக்கும் தெரியும், வாங்கிறவைக்கும் தெரியும்.

எங்கட பிள்ளைக்குப் பேர் விஜிதா. அவளின்ர சனம் ஒரு காலத்தில மலைநாட்டில இருந்து வன்னிக்கு வந்து குடியேறினவை. தகப்பன் இரணைமடுக் குளத்தில வலை போடுறவர். அவள் விவசாய பீடத்தில கடைசி வருசம். ஊரில இதுகளை எல்லாம் எனக்காகப் பாக்கிறது என்ர சித்தப்பாவின்ர மகன் நேசன். தம்பி முறை, நல்ல பொறுப்பான பெடியன்.

திவசத்துக்கு ரெண்டு கிழமை இருக்கேக்க நேசன் போன் எடுத்தான். ஊர்ப் பஞ்சாங்கத்தில தசமி புதன்கிழமை வருது, நீங்கள் செவ்வாய் எண்டு சொல்லுறியள், நாங்கள் இஞ்ச புதன் வைப்பமோ எண்டு கேட்டான். ஊருக்கும் எங்களுக்கும் ஒன்பதரை மணித்தியாலம் வித்தியாசம். அங்க செவ்வாய் இரவு பிறக்கிற தசமி, இஞ்ச செவ்வாய் மத்தியானமே பிறந்திடுது. அதால அங்க புதன் திவசம், இஞ்ச செவ்வாய் திவசம். ரெண்டும் சரி. நான் எங்கட கோயில் ஐயரையும் கேட்டனான். அவரவர் இருக்கிற இடத்துத் திதியில செய்யிறதுதான் முறை, நீங்கள் செவ்வாய் செய்யுங்கோ, ஊரில உள்ளவை புதன் செய்யட்டும் எண்டார். முதல் பாதியைக் காதில வாங்கினன், பின்பாதியை விட்டிட்டன்.

ஏனெண்டால் எனக்கு வேண்டியது வீடியோ. செவ்வாய் மத்தியானம் நான் படைக்கேக்க ரீவியில அது ஓடோணும். ஊரில புதன் செய்தால், நான் படைச்சு முடிச்சு இலையும் எறிஞ்சாப் பிறகுதான் அது வந்து சேரும்.

"நேசன், படைக்கிறது பெத்த பிள்ளை. பிள்ளை இருக்கிற இடத்தில செவ்வாய். அப்ப செவ்வாய்தான்" எண்டன்.

அவன் திதிக் கதையை விட்டிட்டான். பிறகு, விஜிதாவும் கட்டாயம் வரத்தான் வேணுமோ எண்டு கேட்டான். அவள் வராட்டில் ஆர் விளக்குக் கொளுத்திறது எண்டு நான் கேட்டன். சரி அக்கா எண்டு வைச்சிட்டான்.

செவ்வாய் காலமை எழும்பிப் பாக்க வீடியோ வந்து கிடக்குது. சொல்லி வேலையில்லை. விஜிதா இளம்பச்சைச் சீலை உடுத்தி, ஐயாவின்ர படத்துக்கு முன்னால நிண்டு, முகம் தெரியாத ஒரு பெரியவரின்ர பேரால தான் படிக்கிறதாயும், அவரின்ர பிள்ளை தனக்கு இன்னொரு தாய் எண்டும் சொன்னாள். நான் தேங்காய் துருவிக்கொண்டு நிண்டு அழுதன். வட்ஸ்அப்பில இருக்கிற சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பினன். கைகூப்பின படமாய் வந்து குவிஞ்சுது. அந்தப் பெருமையில ரெண்டு நாள் நிலத்தில கால் படேல்லை.

2

அதே கிழமைதான் ஆரணியோட சண்டை வந்தது.

அவளுக்கும் யூனிவர்சிற்றியில ஒரு புலமைப்பரிசில் கிடைச்சிருக்கு. செத்துப்போன ஒரு வெள்ளைக்காரப் பணக்காரற்ற பேரால குடுக்கிறது. வருசத்தில ஒரு நாள் அந்தக் குடும்பம், காசு வாங்கிற பிள்ளையளை எல்லாம் கூப்பிட்டு இராச்சாப்பாடு குடுக்கும். நான் அதுக்கெண்டு அவளுக்கு ஒரு சுடிதார் வாங்கி, அலுமாரியில கொழுவி வைச்சிருந்தனான். போற நாள் கிட்ட வர, உடுப்பைப் போட்டுப் பார் பிள்ளை எண்டன். அவள் கொம்பியூட்டரில இருந்து தலையைத் தூக்காமல், "அம்மா, நான் போகேல்லை. அடுத்த நாள் எக்ஸாம். வரேலாது எண்டு எழுதிட்டன்" எண்டாள்.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. அவை குடுக்கிற காசில படிச்சுக்கொண்டு, அவை கூப்பிட்டால் வரமாட்டன் எண்டு சொல்லுறதோ? தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கிற சாதியே நாங்கள்? ஒரு சோறு தின்னிற நேரம், அதுக்குள்ள என்ன படிச்சுக் கிழிக்கப்போறாய்? கத்தின கத்தில மனிசன் மேல் மாடியால இறங்கி வந்திட்டார். நன்றி கெட்ட சந்ததி எண்டும் சொல்லிப்போட்டன். இதைச் சொல்லேக்க எனக்கு முன்னால விஜிதாதான் நிண்டவள், இளம்பச்சைச் சீலையோட.

ஆரணி போனை எடுத்து ஒரு கடிதத்தைக் காட்டினாள். அந்தப் பணக்காரற்ற மனிசி எழுதினது. இப்ப வயசு போயிருக்கும் அவாவுக்கு. சோதினைதான் முக்கியம், என்ர மனிசன் இருந்திருந்தால் உம்மை மேசையில இருந்து எழுப்பிப் படிக்க அனுப்பியிருப்பார், நல்லாய்ச் செய்யும் எண்டு எழுதியிருந்தா. நான் ரெண்டு தரம் வாசிச்சன். அதில எங்கயாவது ஒரு குத்தல் இருக்குமெண்டு தேடினன். இல்லை.

"சரி, அவை பெரிய மனிசர். அதுக்காக நீ இப்பிடிச் செய்யலாமே" எண்டு இழுத்தன்.

அப்பதான் அவள் கேட்டாள்: "விஜிதா அக்கா உங்களுக்கு நோ சொல்லலாமா அம்மா?"

அவள் ஏன் சொல்லோணும் எண்டன். அவள் ஆசையாய் வாறவள், நான் ஒருநாளும் வற்புறுத்தினதில்லை எண்டன். ஆரணிக்குத் தமிழ் கொஞ்சம் கொன்னும். சொல்லுத் தேடித் தேடித்தான் கதைப்பாள். "நான் அதைக் கேக்கேல்லை. சொல்லலாமா?" எண்டு திருப்பியும் கேட்டாள். நான் குசினிக்குள்ள போயிட்டன்.

3

ஊரில படிச்ச ஆக்களுக்கு ஸ்கொலர்சிப் எண்டால் முதல்ல ஞாபகம் வாறது அஞ்சாம் வகுப்புச் சோதினை. நான் அதில பாஸ் பண்ணினனான். அரசாங்கக் காசு கொஞ்சம் மாதாமாதம் வந்தது. ஐயா அதில எனக்குச் செருப்பு வாங்கித் தந்தவர், ஒருக்கா சைக்கிளுக்கு ரயர் மாத்தினவர், ஒரு மாதம் உரமும் வாங்கியிருப்பார் எண்டு நினைக்கிறன். அந்தக் காசு தந்தது ஆர், எந்த மந்திரி, எந்தக் கந்தோர் எண்டு எங்களுக்குத் தெரியாது. ஒருத்தற்ற படத்துக்கும் நான் விளக்குக் கொளுத்தேல்லை. ஆரும் என்னைக் கூப்பிட்டு நீ டொக்டராய் வா, ரீச்சராய் வா எண்டு சொல்லேல்லை. நான் பிறகு இடம்பெயர்ந்து, கம்பஸுக்குப் போகாமல், கடல் கடந்து வந்தாப் பிறகும் அந்தக் காசுக்கு நான் கணக்குக் காட்டவும் தேவையில்லாமல் இருந்தது.

விஜிதாவுக்கு அந்தக் குடுப்பினை இல்லை. அவளுக்கு நான் இருக்கிறன்.

மாதத்தில ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவளுக்குப் போன் எடுப்பன். நல்லாய்ப் படிக்கிறியோ, சாப்பிட்டியோ, தாய் தகப்பன் சுகமோ எண்டு கேப்பன். பிறகு கதை எப்பிடியும் எதிர்காலத்துக்குப் போகும். நான்தான் கொண்டு போறனான். முதல் வருசம் அவள், தகப்பனோட குளத்துக்குப் போறதைப் பற்றிக் கதைச்சவள். முந்தி விழுந்த மீன் இப்ப ஏன் விழுகுதில்லை, தண்ணி வத்துற மாதத்தில குஞ்சு என்னவாகுது, அதுகளைப் பற்றிப் படிக்க விருப்பம் எண்டாள். குரலே மாறி, வேகமாய்க் கதைச்சாள். நான் சிரிச்சுப்போட்டு, "மீன் பிடிக்க டிகிரி ஏன் பிள்ளை, கொப்பர் டிகிரி எடுத்தே வலை போடுறார்?" எண்டு கேட்டனான். பகிடிக்குத்தான். வங்கிச் சோதினை எடு, நிர்வாக சேவைச் சோதினை எடு, அரசாங்கக் கச்சேரியில கதிரை போட்டு இருக்கிற உத்தியோகம் எடு எண்டு சொன்னன். அவள் ஓம் அன்ரி எண்டாள்.

பிறகு அவள் மீனைப் பற்றி என்னோட கதைக்கேல்லை. நான் கேட்டால் வங்கிச் சோதினைக்குப் படிக்கிறன் எண்டு சொல்லுவாள். எனக்கு நல்ல சந்தோசம். எங்கட பிள்ளை வழிக்கு வந்திட்டாள் எண்டு மனிசனிட்டச் சொன்னனான். என்ர சொந்த மகள் என்னட்ட ஒண்டும் கேக்கிறதில்லை. என்ன படிக்கிறாள் எண்டுகூட எனக்கு முழுக்க விளங்கிறதில்லை. ஊரில ஒரு பிள்ளையாவது என்ர சொல்லுக் கேட்டு வளருது எண்டதில எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. அந்த ஆறுதலுக்கும் சேத்துத்தான் நான் காசு அனுப்பியிருக்கிறன் எண்டது இப்பதான் விளங்குது.

4

சண்டை நடந்து சில நாளால, சாப்பிடேக்க, ஆரணி தட்டைப் பாத்துக்கொண்டு சொன்னாள். அவளும் விஜிதாவும் இன்ஸ்டகிராமில கதைக்கிறவையாம். ஒருத்தி அரைத் தமிழ், மற்றவள் அரை இங்கிலிஸ், எப்பிடியோ விளங்குதாம். இவள் தன்ர இராச்சாப்பாட்டுக் கதையைச் சொல்லி, எங்கட அம்மா என்னைக் கோவிச்சுப் பேசிப்போட்டா எண்டு எழுதியிருக்கிறாள். அதுக்கு விஜிதா, நீங்கள் குடுத்து வைச்சனியள் எண்டு எழுதியிருக்கிறாள். அதுக்கு மேல எழுத மாட்டன் எண்டவளை இவள் விடாமல் கேட்டுக் கேட்டுப் பிடுங்கியிருக்கிறாள்.

"அண்டைக்கு அவாவுக்குக் கொழும்பில இன்ரவியூ இருந்ததாம் அம்மா. அந்த ரியூஸ்டே. வேற ஒரு நாட்டில போய்ப் படிக்க ஸ்கொலர்சிப். மீன் பற்றி. நூறு பேருக்கு மேல போட்டு, கொஞ்சப் பேரைத்தான் கூப்பிட்டவையாம். அவா போகேல்லை."

ஏன் போகேல்லை எண்டு நான் கேட்டன். கேக்கேக்கயே எனக்குத் தெரியும். ஆரணி என்னைப் பாத்தாள், பிறகு தகப்பனைப் பாத்தாள்.

சோத்தை அப்பிடியே விட்டு, கையைக் கழுவிப்போட்டு உடன நேசனுக்கு எடுத்தன். அங்க விடியக்காலமை, வயலுக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிண்டவன். உனக்கு இது தெரியுமோ எண்டு கேட்டன். தெரியும் எண்டான். தெரிஞ்சுகொண்டும் ஏன் சொல்லேல்லை, வாயில கொழுக்கட்டையே வைச்சிருந்தனீ எண்டு கத்தினன்.

நேசன் ஆறுதலாய்த்தான் சொன்னான். விஜிதா அவனிட்ட வந்து, அன்னதானத்தைப் புதன் வைக்கேலாதோ அண்ணை எண்டு கேட்டவளாம். செவ்வாய் கொழும்பில இன்ரவியூவை முடிச்சு இரவு பஸ் எடுத்தால் புதன் காலமை கிளிநொச்சி வந்திடுவாள். அவன் பஞ்சாங்கத்தைப் பாத்தால் ஊருக்குத் திதியும் புதன்தான். கடவுளே காட்டின வழி எண்டு சந்தோசப்பட்டு எனக்கு எடுத்திருக்கிறான்.

"நேர சொல்லாதேங்கோ எண்டு அந்தப் பிள்ளை கும்பிட்டவள் அக்கா. அன்ரி என்னைப் பிழையாய் நினைப்பா, காசு தாறவைக்கு ஒரு நாள் வரேலாதோ எண்டு நினைப்பா எண்டு அழுதவள். அதுதான் நான் திதியைச் சொல்லிக் கேட்டனான். நீங்கள் விடேல்லை."

நான் விடேல்லை. உண்மைதான். ஊரின்ர திதியையே ஊருக்கு விட்டுக் குடுக்காத ஆள் நான். அங்க புதன்கிழமை நடந்திருக்க வேண்டிய திவசத்தை, திதியில்லாத நாளில நடத்த வைச்சு, அதுக்கு ஒரு பிள்ளையின்ர படிப்பையும் படைச்சுப்போட்டன். ஐயாவுக்கு அந்தச் சோறு போய்ச் சேந்துதோ எண்டும் தெரியாது. அந்த மனிசன் உயிரோட இருக்கேக்க, சோதினை நாளில என்னைக் கோயிலுக்குக்கூடப் போக விடாதவர்.

5

அந்த வீடியோவைத் திரும்பவும் போட்டுப் பாத்தன். எத்தினை தரம் எண்டு சொன்னால் வெக்கம். அவளின்ர முகத்தில ஒரு கவலை, ஒரு கோவம், கண்ணில ஒரு சொட்டுத் தண்ணி தெரியுதோ எண்டு பாத்தன். இருந்திருந்தால், ஐயோ நான் கவனிக்கேல்லையே எண்டாவது சொல்லலாம். ஒண்டும் இல்லை. வடிவாய்ச் சிரிக்காமல், வடிவாய் அழாமல், நான் முதல் வருசம் சொல்லிக் குடுத்த மாதிரியே நிக்கிறாள். "திவசம் பிள்ளை, பல்லுத் தெரியச் சிரிக்காதை" எண்டு நான்தான் சொல்லிக் குடுத்தனான். பருப்புக்கறி வாளியோட பந்தியில குனிஞ்சு, இன்னும் கொஞ்சம் போடவோ எண்டு ஒவ்வொருத்தராய்க் கேக்கிறாள். அந்த நேரம் கொழும்பில அவளின்ர பேரைக் கூப்பிட்டிருப்பினம்.

என்ன செய்யிறது எண்டு தெரியாமல், செய்யக்கூடாத வேலையையும் செய்தன். அந்தப் புலமைப்பரிசில் குடுக்கிற கந்தோரின்ர நம்பரை ஆரணியைக் கொண்டு எடுப்பிச்சு, கொழும்புக்குப் போன் அடிச்சன். சிங்களத்துக்கு ஒண்டை அமத்து, தமிழுக்கு ரெண்டை அமத்து எண்டு மிசின் சொல்லிச்சுது. ரெண்டை அமத்தினால் சிங்களத்தில ஒரு பிள்ளை கதைச்சாள். பிறகு எனக்குத் தெரிஞ்ச இங்கிலிசில, வேலைத்தலத்தில தட்டு அடுக்கிற இங்கிலிசில, நடந்ததைச் சொல்லப் பாத்தன். அவளுக்கு இனி வேற ஒரு நாள் குடுக்கேலாதோ எண்டு கேட்டன். அந்தப் பிள்ளை மரியாதையாய்த்தான் கதைச்சவள். ஆக்களைத் தெரிஞ்செடுத்து முடிஞ்சுது, இனி ஒண்டும் செய்யேலாது எண்டாள். பிறகு, நீங்கள் அவாவுக்கு என்ன முறை, தாயோ எண்டு கேட்டாள்.

இல்லை எண்டன். காசு குடுக்கிற ஆள் எண்டு சொல்ல வாய் வந்தது, அதையும் சொல்லேல்லை. வீடியோவில இன்னொரு தாய் எண்டு அவள் சொன்னது ஞாபகம் வந்தது. தெரிஞ்ச ஆள் எண்டு சொல்லி வைச்சிட்டன்.

மனிசன் ஆறுதல் சொன்னார். நீ வேணுமெண்டு செய்யேல்லைத்தானே, தெரிஞ்சால் விட்டிருப்பாய்த்தானே எண்டார். நானும் அப்பிடித்தான் முதல்ல நினைச்சனான். ஆனா உண்மையைச் சொன்னால், அவள் நேர வந்து, "அன்ரி, எனக்கு மீன் படிக்க ஒரு இன்ரவியூ, திவசத்துக்கு வரேலாது" எண்டு சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பன்? போயிட்டு வா எண்டுதான் சொல்லியிருப்பன். ஆனா ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, குரலை இறக்கியிருப்பன். எங்கட ஆக்களுக்கு அது போதும். அந்த ஒரு நொடிக்குத்தான் அவள் பயந்தவள். அவள் என்னைச் சரியாய்த்தான் அறிஞ்சு வைச்சிருக்கிறாள்.

6

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுக்கேலாமல் விஜிதாவுக்கு எடுத்தன். அவள் வழமைக்கு மாறாய் நான் எடுத்ததில திடுக்கிட்டுப்போனாள். ஆருக்கும் ஏதும் சுகமில்லையோ எண்டு கேட்டாள். எல்லாரும் சுகம் எண்டு சொல்லிப்போட்டு, எனக்கு எல்லாம் தெரியும் பிள்ளை எண்டன்.

அவளுக்குப் பின்னால ஒரு பஸ் போற சத்தம் மட்டும் கேட்டுது.

"ஆரணியைப் பேசாதேங்கோ அன்ரி. நான்தான் வாய் தவறிச் சொல்லிப்போட்டன்" எண்டாள். முதல்ல வந்தது அதுதான்.

நான் ஆரையும் பேசேல்லை எண்டன். பிழை என்னில, முழுக்க என்னில, ஊரில புதன் திதி எண்டு தெரிஞ்சும் என்ர எண்ணத்துக்கு ஆடினனான், என்னை மன்னிச்சுக்கொள் எண்டன். என்ர வயசுக்கு ஒரு சின்னப் பிள்ளையிட்ட மன்னிப்புக் கேட்டது இதுதான் முதல் தரம். அவள் பரவாயில்லை அன்ரி, பரவாயில்லை அன்ரி எண்டு அவசரம் அவசரமாய்ச் சொன்னாள். அவள் பேசியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். நாலு சொல்லுக் கேட்டு அழுது முடிச்சிருப்பன். அதையும் அவள் தரேல்லை.

இனிமேல் நீ திவசத்துக்கு வரத் தேவையில்லை எண்டன். விளக்கும் வேண்டாம், வீடியோவும் வேண்டாம். இனி நான் மாதாமாதம் போன் எடுத்துக் கேள்வி கேக்கவும் மாட்டன் எண்டன். பெரிய மனசோட ஒரு பாரத்தை இறக்கி வைக்கிறன் எண்டுதான் நினைச்சுச் சொன்னனான்.

அவளின்ர குரல் மெலிஞ்சு போச்சு.

"ஏன் அன்ரி? நான் இந்த முறை ஏதும் பிழையாய்ப் பேசிப்போட்டனோ? எனக்கு இன்னும் ஒரு செமஸ்டர் இருக்கு அன்ரி."

அவள் காசு நிக்கப்போகுது எண்டு விளங்கிக்கொண்டிட்டாள். இல்லையடி பிள்ளை, காசு நிக்காது, நீ வந்தாலும் வரும், வராட்டிலும் வரும், என்னோட கதைச்சாலும் வரும், கதைக்காட்டிலும் வரும், படிப்பு முடியும் மட்டும் வரும் எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னன். ஒவ்வொண்டுக்கும் ஓம் அன்ரி எண்டாள். வங்கிச் சோதினைக்குப் படி எண்டு சொன்னதுக்கும் இதே குரலிலதான் ஓம் எண்டவள். நம்பினாளோ தெரியாது.

கதையை மாத்துவம் எண்டு மீனைப் பற்றிக் கேட்டன். நாலு வருசத்தில முதல் தரம் நானாய்க் கேட்டன். குளத்தில இப்ப எப்பிடி எண்டன். அவள் யோசிச்சு யோசிச்சு, இது சோதினையோ எண்ட மாதிரி, ரெண்டு வசனம் சொன்னாள். பிறகு கொஞ்சம் விட்டு இன்னும் ரெண்டு. தகப்பன்ர வலையின்ர கண்ணளவு சின்னன், அதால குஞ்சும் சேந்து அகப்படுது, ஆனா பெரிய கண் போட்டால் அண்டைக்கு வீட்டில உலை வைக்கேலாது, இதுக்கு என்ன வழி எண்டதுதான் அவள் படிக்க நினைச்சதாம். எனக்கு முழுக்க விளங்கேல்லை. குறுக்க பேசாமல் கேட்டுக்கொண்டு இருந்தன். அதுவே எனக்குப் புதுப் பழக்கம்.

அடுத்த வருசமும் அந்த ஸ்கொலர்சிப்புக்குக் கூப்பிடுவினமோ எண்டு கேட்டன். ஓம், வருசா வருசம் பங்குனி மட்டிலதான் இன்ரவியூ வைக்கிறவை, திருப்பிப் போடலாம் எண்டு தன்னைப் படிப்பிக்கிற சேர் சொன்னவர் எண்டாள். அப்ப நீ கட்டாயம் போடோணும், எனக்காக இல்லை, உனக்காகப் போடு எண்டன். எவ்வளவு நல்ல வசனம். சொல்லி முடிச்சுப்போட்டு எனக்கே கொஞ்சம் ஆறுதலாய் இருந்தது.

"போடுறன் அன்ரி" எண்டாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "போட முதல் ஒண்டு கேக்கட்டோ? அடுத்த வருசம் ஐயாவின்ர திதி கனடாவில எந்தத் திகதியில வருகுது எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுவியளோ?"

நக்கலாய்க் கேட்டிருந்தாலும் எனக்கு ஆறியிருக்கும். அவள் உண்மையாய்த்தான் கேட்டவள்.